மூட்டைக்கும் ஒரு சீட்டு - ஆண்டீஸ் மலை பஸ் கதை

கொரோய்க்கோவிலிருந்து லா பாஸ் போற மினிபஸ்ஸுக்கு டைம்டேபிள் எல்லாம் கிடையாது. சீட்டு நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் கிளம்பாது. சில வருஷங்களுக்கு முன்னாடி பொலிவியா போயிருந்தப்போ இதைத் தெரியாமல் நான் முதல் ஆளாக ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்து, வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. புன்னகை போயே போச்சு :-)

கடைசி ஆளாக ஒரு பாட்டி வந்தார். தலையில் தொப்பி, முதுகில் தொங்கும் இரட்டைப் பின்னல், அடுக்கடுக்கான பாவாடை. தோளில் கட்டியிருந்த கலர் துணி மூட்டை அவரைவிடப் பெரிசா இருந்தது. பஸ் மேலே ஏற்கெனவே சாக்கு மூட்டைகள் கட்டியாச்சு, இடமில்லை. பாட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூட்டையை அவிழ்த்து என் மடியில் பாதி, அவர் மடியில் பாதி என்று வைத்துவிட்டார். உள்ளே கமலா ஆரஞ்சு. வாசனையிலேயே தெரிந்தது.

கொரோய்க்கோ சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கு. வாழையும் காப்பியும் கோகாவும் விளையற சூடான ஊர். அங்கேயிருந்து மூணு மணி நேரத்தில் லா கும்ப்ரே என்கிற கணவாயில் 4,650 மீட்டருக்கு ஏறி, மறுபடி 3,600 மீட்டருக்கு இறங்கினால் லா பாஸ். ஏற ஏற பஸ்ஸுக்குள்ளே ஒவ்வொருத்தராக ஸ்வெட்டர் போட ஆரம்பித்தார்கள். நான் ஸ்வெட்டரை மேலே கட்டின பையில் வைத்துவிட்டேன் (புத்திசாலி!). பாட்டியின் மூட்டைதான் எனக்குக் கம்பளி. கணவாயில் டிரைவர் வண்டியை நிறுத்தி, சின்ன பாட்டிலில் இருந்து நாலு சொட்டுச் சாராயத்தை மண்ணில் ஊற்றினார். பூமித்தாய் பச்சமாமாவுக்கு. ஒரு சொட்டும் தன் வாயில் ஊற்றிக்கொள்ளவில்லை என்பதை நான் கண் கொட்டாமல் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

அந்த மூட்டையைப் பற்றி பஸ்ஸில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்போ எனக்கு இது ஒரு விஷயமாகவே படலை. ஊருக்கு வந்து பொலிவியா வரலாறு படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாட்டியின் பாட்டி காலத்தில் லா பாஸ் நகரத்தில் இந்த மாதிரி மூட்டையோட வண்டியில் ஏறக்கூடாது என்று உத்தரவே போட்டிருக்கிறார்கள். மலை பஸ்ஸின் கதை என்று நான் நினைத்தது ரோடு, வளைவு, பள்ளம் இதெல்லாம்தான். ஆனால் ரோட்டைப் போட்டது யார், அதில் உட்கார்ந்து போக யாருக்கு உரிமை என்கிற கேள்வி கூடவே வருது. அதை எழுதலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

*

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஆண்டீஸ் மலையில் ரோடு போடுவது புதுசு இல்லை. இன்கா பேரரசின் சாலைப் பின்னல் 30,000 கிலோமீட்டருக்கு மேல். கப்பாக் ன்யான் என்று பேர். 2014ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்தச் சாலையில் சக்கரம் உருளவே முடியாது. அவர்களிடம் சக்கர வண்டி கிடையாது, அதனால் செங்குத்தான இடம் வந்தால் படிக்கட்டு வெட்டிவிட்டார்கள். மனுஷக் காலுக்கும் லாமாவின் காலுக்கும் போட்ட ரோடு. போட்டது குடிமக்கள். வருஷத்தில் இத்தனை நாள் அரசுக்கு உழைக்கணும் என்று முறை வைத்திருந்தார்கள், அதற்கு மித்தா என்று பேர். ஸ்பானியர் வந்து அதே பேரை வைத்துக்கொண்டு ஆட்களைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குள் தள்ளினார்கள். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சோகம்.

அப்புறம் ரயில் வந்தது. ரயில் யாருக்காக? தாதுவுக்காக. 1892ல் பசிபிக் கரையின் அன்தோஃபகாஸ்தாவிலிருந்து பொலிவியாவின் ஒரூரோவுக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது. 1913ல் அரிக்காவிலிருந்து லா பாஸுக்கு. இரண்டும் கடலைப் பார்த்து ஓடும். ஒரு மலைக் கிராமத்திலிருந்து இன்னொரு மலைக் கிராமத்துக்குப் போகணும் என்றால் நடை, இல்லாட்டி கோவேறு கழுதை. அதனால் பஸ் வந்தபோது அது ரயிலோடு போட்டி போடவில்லை, கழுதையோடுதான் போட்டி போட்டது!

பஸ் வரணும் என்றால் ரோடு வேணும். ரோட்டுக்கு ஆள் வேணும். இங்கேதான் வில்லங்கம்.

பெருவில் அகுஸ்தோ லெகியா அதிபராக இருந்தப்போ, 1920ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள ஆண்கள் எல்லாரும் வருஷத்தில் சில நாள் ரோடு வேலை செய்யணும். 21 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு 12 நாள், மற்றவர்களுக்கு 6 நாள். பேப்பரில் பார்த்தால் பணக்காரன், ஏழை, வெள்ளைக்காரன், இந்தியன் என்ற பேதமே இல்லை. (ஆண்டீஸ் பூர்வகுடிகளை அங்கே 'இந்தியன்' என்றுதான் அப்போ சொல்வார்கள், நம்மை இல்லை!) ஆனால் ஒரு சின்ன ஓட்டை. வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிடலாம். அப்புறம் என்ன, பணம் இருந்தவன் கட்டினான். இல்லாதவன் மண்வெட்டியோடு போனான். கெச்சுவா பேசும் கிராமத்து ஆட்கள் சொந்த வயலை விட்டுவிட்டுத் தூரத்தில் போய், சொந்தச் சாப்பாட்டில் கல் உடைத்தார்கள். 12 நாள் என்பது உள்ளூர் அதிகாரி கையில் எத்தனை நாளாக வேண்டுமானாலும் நீளும். 1930ல் லெகியாவின் ஆட்சி கவிழ்ந்ததும் தூக்கி எறியப்பட்ட முதல் சட்டங்களில் இது ஒன்று. எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று பார்த்துக்கோங்க.

இப்ப ஒரு ஆச்சரியம். அதே சட்டம் அமலில் இருந்த 1926ல், அதே பெருவில், புக்கியோ என்கிற மலை ஊரின் சமூகங்கள் தாங்களாகவே கூடிப் பேசி, கடற்கரைப் பக்கத்து நாஸ்காவுக்கு ஒரு ரோடு போட்டார்கள். சுமார் 300 கிலோமீட்டர். எத்தனை நாள்? 28 நாள்! ஆயிரக்கணக்கில் ஆட்கள். இன்ஜினியர் பட்டாளம் இல்லை, பெரிய மெஷின் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, அவ்வளவுதான். ஹோசே மரியா ஆர்கேதாஸ் சின்ன வயதில் அந்த ஊர்ப்பக்கம் வளர்ந்தவர். 1941ல் வெளிவந்த அவருடைய 'யாவார் ஃபியெஸ்தா' நாவலில் இந்த ரோட்டுக் கதை வருது. பக்கத்து ஊர்க்காரன் கடலுக்கு ரோடு போடறானாம், நாம மட்டும் என்ன இளைச்சவங்களா என்கிற வீம்பும் அதில் இருக்கு.

அடிச்சு வேலை வாங்கினால் ஓடி ஒளிகிற அதே ஆட்கள், எங்க ஊர் ரோடு என்று நினைத்தபோது 28 நாளில் மலையைக் குடைந்துவிட்டார்கள். 'இந்தியன் சோம்பேறி, கட்டாயப்படுத்தினால்தான் வேலை செய்வான்' என்று லிமாவின் பெரிய மனிதர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் ரோட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஊருக்குள்ளே வர்ற ரோடு ஊரை விட்டு வெளியேயும் போகும். கடற்கரைச் சரக்கு ஊருக்கு வரும் என்று போட்ட ரோட்டில், ஊர் ஜனங்களே லாரி ஏறி லிமாவுக்குப் போனார்கள். புக்கியோ மட்டுமில்லை, மலை முழுக்க இதே கதை. 1940ல் லிமாவின் ஜனத்தொகை சுமார் 6 லட்சம். 1961ல் 18 லட்சம். இப்போ ஒரு கோடி. லிமாவில் இறங்கின மலைக்காரர்கள் ஊர்ப்பேரில் சங்கம் வைத்தார்கள், அந்த ஊர்த் திருவிழாவை லிமாவில் கொண்டாடினார்கள். சென்னையில் இருந்துகொண்டு ஊர்க்காரங்க சங்கம் நடத்தறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

*

'லாரி ஏறி' என்று எழுதினேன் இல்லையா, அது சும்மா பேச்சுக்கு இல்லை. ஆண்டீஸில் ரொம்ப காலத்துக்குப் பொதுப் போக்குவரத்து என்றால் லாரிதான். பெருவில் 'மிஸ்தோ' என்று ஒரு வண்டி இருந்தது. மிஸ்தோ என்றால் கலப்பு. முன்பாதியில் பெஞ்சு போட்ட பஸ், பின்பாதியில் சரக்கு ஏற்றும் லாரி. முன்பாதிக்குக் காசு அதிகம். பின்பாதியில் உருளைக்கிழங்கு மூட்டை, ஆடு, அதுக்கு மேலே ஜனங்கள். மழை வந்தால் மேலே தார்பாய். குளிருக்கு வேற வழி கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்கொண்டு உட்காரணும்.

பொலிவியாவில் லாரிக்கு இன்னொரு அர்த்தமும் வந்தது. 1952 வரை அங்கே நல்ல நிலமெல்லாம் பண்ணையார்களிடம். பண்ணையில் வாழ்ந்த விவசாயி பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைக்கணும். முறை வைத்து அவர் வீட்டுக்குப் போய் வேலைக்காரனாக இருக்கணும், நகரத்தில் அவருக்கு வீடு இருந்தால் அங்கேயும் போகணும். இதற்கு பொங்கெயாஹே என்று பேர். விளைச்சலைப் பண்ணையாருக்காகக் கழுதையில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோவதும் விவசாயியின் வேலைதான். 1952 ஏப்ரலில் புரட்சி. 1953 ஆகஸ்ட்டில் நிலச் சீர்திருத்தம்.

அதுக்கப்புறம் விவசாயி முதல் முறையாகத் தன் கிழங்கைத் தானே விற்கப் போனான். எதில் போவான்? லாரியில். லாரி நிற்கிற இடத்தில் சந்தை வந்தது. சந்தை இருக்கிற இடத்தில் கடை, கடையைச் சுற்றி வீடு. டிட்டிக்காக்கா ஏரிப்பக்கத்துச் சமவெளியில் இப்படியே புதுசு புதுசாக ஊர்கள் முளைத்தன. பழைய பண்ணை வீட்டைச் சுற்றி வளரவில்லை, ரோட்டோரமாக வளர்ந்த ஊர்கள் அவை. விற்பனைக்கு முன்னால் நின்றது பெண்கள். என் பக்கத்துச் சீட்டுப் பாட்டி மாதிரியான பெண்கள்.

*

சரி, ஆரம்பத்தில் சொன்ன உத்தரவுக்கு வரேன். இதுக்கு 1935க்குப் போகணும்.

அப்போ பொலிவியா பராகுவேயோடு சாக்கோ என்கிற வறண்ட காட்டுக்காகப் போர் நடத்தி முடித்த நேரம். 1932லிருந்து 1935 வரை நடந்த போர். குளிர் மலையில் பிறந்து வளர்ந்த அய்மரா, கெச்சுவா இளைஞர்களை அடுப்பு மாதிரி கொதிக்கிற காட்டுக்கு அனுப்பினார்கள். பொலிவியா தரப்பில் சுமார் 50,000 பேர் செத்தார்கள். குண்டில் செத்தவர்கள் ஒரு பக்கம், தண்ணீர் இல்லாமலும் நோயிலும் செத்தவர்கள் இன்னொரு பக்கம். போரிலும் பொலிவியாவுக்குத் தோல்வி. ஆண்கள் முன்னணியில் இருந்த அந்த வருஷங்களில் நகரத்தை ஓட்டினது பெண்கள்.

லா பாஸில் அப்போ டிராம் ஓடிக்கொண்டிருந்தது. பணக்கார வீட்டுச் சமையல்காரப் பெண்கள் காலையில் டிராமில் சந்தைக்குப் போய்க் காய்கறி, இறைச்சி வாங்கிக் கூடையோடு திரும்புவார்கள். அடுக்குப் பாவாடையும் கூடையும் சேர்ந்தால் கொஞ்சம் இடம் அடைக்கும்தான். அதே டிராமில் சீமாட்டிகளும் போவார்கள். கூடை உரசி எங்க காலுறை கிழியுது என்று சீமாட்டிகள் புகார் கொடுத்தார்கள். நகராட்சி உடனே உத்தரவு போட்டது: இந்தப் பெண்கள் கூடை, மூட்டையோட டிராமில் ஏறக்கூடாது.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கூடையில் இருப்பது யார் வீட்டுச் சமையலுக்கு? அந்தச் சீமாட்டி வீட்டுச் சமையலுக்குத்தான்! சாப்பாடு வேணும், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வர்றவள் 3,600 மீட்டர் உயரத்து மேட்டுத் தெருவில் நடந்தே வரணும். லா பாஸ் தெருவில் கையை வீசிக்கொண்டு நடந்தே எனக்கு மூச்சு வாங்கியது. கூடையோடு எப்படி இருக்கும்?

சமையல்காரப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், நகராட்சிக்குப் போய் எதிர்த்தார்கள். உத்தரவு வாபஸ் ஆனது. அதோடு நிற்காமல் அதே 1935ல் சமையல்காரப் பெண்களுக்கென்று ஒரு தொழிற்சங்கமே ஆரம்பித்தார்கள். அதன் முக்கியத் தலைவிகளில் ஒருவர் பெட்ரோனிலா இன்ஃபான்டெஸ், அவரும் சமையல் வேலை பார்த்தவர். எட்டு மணி நேர வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு, எங்களையும் தொழிலாளிகளாக மதி - இதெல்லாம் அடுத்தடுத்த கோரிக்கைகள். எல்லாம் ஆரம்பித்தது ஒரு டிராம் சீட்டில்.

அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் பஸ் சீட்டிலிருந்து எழுந்திருக்க மறுத்தது 1955ல். அது நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், தெரியணும். அதுக்கு 20 வருஷம் முன்னாடி லா பாஸில் கூடையோடு டிராம் ஏறினவங்களைப் பற்றி எனக்கு நாற்பது வயசு வரைக்கும் ஒன்றும் தெரியாது.

*

சாக்கோ போருக்கு இன்னொரு மிச்சம் உண்டு. போரில் பிடிபட்ட பராகுவே கைதிகள். சுமார் 2,500 பேர். அவர்களை பொலிவியா ரோடு வேலைக்கு அனுப்பியது. அதில் ஒன்றுதான் லா பாஸிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் மலைச்சாலை. பிற்காலத்தில் 'மரணச் சாலை' என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கின ரோடு. தட்டையான வெப்பக் காட்டில் பிறந்த பராகுவேக்காரன், மேகத்துக்குள் தொங்கிக்கொண்டு பாறை வெட்டினான். மலைக்காரன் காட்டில் செத்தான், காட்டுக்காரன் மலையில் செத்தான். அந்தப் போரை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியலை.

ரோடு எப்படி? அகலம் பல இடங்களில் மூணு மீட்டர் சொச்சம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் 600 மீட்டர் வரை பள்ளம். தடுப்புச் சுவர் கிடையாது. மேலேயிருந்து அருவித் தண்ணீர் ரோட்டிலேயே விழும். மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி, எப்போ வேணும்னாலும் மூடுபனி. இதில் இரண்டு பக்கமும் பஸ், லாரி வரும்.

இதற்கென்று சாலை விதி தனி. பொலிவியா முழுக்க வண்டி வலது பக்கம் ஓடும். இந்த ரோட்டில் மட்டும் இடது பக்கம். ஏன்? டிரைவர் சீட்டு வண்டியில் இடது பக்கம் இருக்கு. இடது ஓரமாகப் போனால், இறங்கி வர்ற டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் வெளிப்பக்கச் சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கு என்று நேராகப் பார்க்கலாம். ஏறி வர்றவனுக்குத்தான் முன்னுரிமை, அவன் பாறை ஓரம். இறங்குகிறவன் பள்ளத்தின் ஓரம் ஒதுங்கி நிற்கணும், தேவைப்பட்டால் அகலமான இடம் வரை பின்னாடி போகணும். பின்னாடி! அந்த ரோட்டில்!

குருட்டு வளைவுகளில் உள்ளூர்க்காரர்கள் சிலர் பச்சை, சிவப்பு அட்டை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எதிரே வண்டி வருதா இல்லையா என்று காட்டுவார்கள். டிரைவர்கள் ஜன்னல் வழியாகச் சில்லறை போடுவார்கள். மனுஷ சிக்னல்.

1944 நவம்பரில் இந்த ரோட்டில் சுஸ்பிபாட்டா என்கிற இடத்தில் அன்றைய ராணுவ ஆட்சி எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் சிலரைச் சுட்டுப் பள்ளத்தில் தள்ளியது. 1983 ஜூலை 24 அன்று ஜன நெரிசலோடு போன ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 100 பேருக்கு மேல் போனார்கள். பொலிவியாவின் மிக மோசமான சாலை விபத்து அது. 1990களில் வருஷத்துக்கு 200லிருந்து 300 பேர் வரை இந்த ரோட்டில் செத்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு. 1995ல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி இதை உலகத்திலேயே ஆபத்தான சாலை என்று சொன்னது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பேரைக் கேட்டு உலகம் முழுக்க இருந்து சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். 'மரணச் சாலையில் பிழைத்தேன்' என்று டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போட்டோ. நான் அவர்களைக் குறை சொல்லலை, எனக்கும் அந்த டீ-ஷர்ட் ஆசை இருந்தது. ஆனால் ரோடு முழுக்கச் சின்னச் சின்னச் சிலுவைகள். வேறு வழியே இல்லாததால் அதில் போனவர்களுக்கு வைத்தவை. ஆரஞ்சு விற்கப் போனவங்க, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போனவங்க. அவர்களுக்கு அது சாகசம் கிடையாது, ரூட் பஸ்.

சுமார் 20 வருஷ வேலைக்கு அப்புறம் 2006ல் புது ரோடு திறந்தது. இரண்டு வழி, தார், சுரங்கப்பாதை, பாலம், தடுப்பு. நான் வந்த மினிபஸ் அதில்தான் வந்தது. பழைய ரோடு பிரிகிற இடத்தில் டிரைவர் ஒன்றும் பேசாமல் கையை மட்டும் காட்டினார். பாட்டி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவருக்கு அந்த ரோட்டில் யார் போனார்களோ, என் ஸ்பானிஷ் அதைக் கேட்கிற அளவுக்கு இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

*

லா பாஸ் நகருக்குள்ளே ஓடும் மினிபஸ்களுக்கு வேறொரு பூர்வீகம். 1985ல் பொலிவிய அரசு பொருளாதாரச் சீர்திருத்தம் என்று 21060ஆம் எண் ஆணை போட்டது. தகரத்தின் உலக விலையும் சரிந்தது. அரசுச் சுரங்கங்களில் 20,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அதில் நிறைய பேர் குடும்பத்தோடு லா பாஸுக்கு மேலே, 4,000 மீட்டர் உயரச் சமவெளியில் இருக்கும் எல் ஆல்ட்டோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அது தனி நகராட்சி ஆனதும் அதே 1985ல்தான். கையில் கிடைத்த பணத்தைப் போட்டு வண்டி வாங்கியவர்கள் உண்டு, வாங்க முடியாதவர்கள் அடுத்தவன் வண்டிக்கு டிரைவர். கதவோரம் தொங்கிக்கொண்டு ஊர்ப்பேரைப் பாட்டு மாதிரி கத்துகிற பையனுக்கு வொசெயாதோர் என்று பேர். ஒரே மூச்சில் எட்டு ஸ்டாப் சொல்வான். கோயம்பேட்டில் காது பழகின எனக்கே தலை சுற்றியது.

இந்த வண்டிகளில் ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறங்கணும் என்றால் டிரைவரை 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடுவார்கள். மாயெஸ்த்ரோ என்றால் வாத்தியார். 'வாத்தியாரே, முக்குல நிறுத்து!' அச்சு அசல் நம்ம மெட்ராஸ் பாஷை :-)

இந்த ரோடுகளின் கதையில் 2003ஐ விட முடியாது. பொலிவியாவில் கிராமத்து ஜனங்களுக்குக் கோபம் வந்தால் ரோட்டில் கல்லைப் போட்டு மறிப்பார்கள். 1781லேயே டுப்பாக் கத்தாரி தலைமையில் அய்மரா மக்கள் லா பாஸைப் பல மாசம் முற்றுகை போட்டிருக்கிறார்கள், அந்த நினைவு இன்னும் இருக்கு. 2003 செப்டம்பரில் அப்படி ஒரு மறியல். சொராட்டா என்கிற மலை ஊரில் வெளிநாட்டுப் பயணிகள் உட்பட நிறைய பேர் மாட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 20ம் தேதி ராணுவம் அவர்களைப் பஸ்களில் ஏற்றிப் பாதுகாப்போடு கொண்டுவந்தது. வழியில் வரிசாத்தா கிராமத்தில் மோதல், துப்பாக்கிச் சூடு. வீட்டுக்குள் இருந்த 8 வயதுச் சிறுமி குண்டு பட்டு இறந்தாள். இன்னும் சிலரும் இறந்தார்கள்.

நாட்டின் எரிவாயுவை சிலி வழியாக விற்கும் திட்டத்துக்கு எதிராக ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதுக்கப்புறம் அடங்கவே இல்லை. அக்டோபரில் எல் ஆல்ட்டோ எழுந்தது. மொத்தத்தில் 60 பேருக்கு மேல் இறந்த பிறகு, அக்டோபர் 17 அன்று அதிபர் சான்செஸ் தெ லொசாதா பதவியை விட்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். மறியலில் பஸ் நிற்கும்போது டூரிஸ்ட்டுக்கு எரிச்சல் வரும். எனக்கும் ஒரு தடவை வந்தது, ஒரு பகல் முழுக்க ஒரு குட்டி ஊரில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நிறுத்தினவங்களோட தாத்தாதான் கூலியில்லாமல் மண் சுமந்திருப்பார் என்று நினைக்கும்போது, என் ஒரு பகல் பெரிசாத் தெரியலை.

*

இப்போ லா பாஸில் பஸ்ஸுக்கு மேலே பறக்கும் வண்டியும் வந்தாச்சு. 2014 மே மாசம் எல் ஆல்ட்டோவையும் லா பாஸையும் இணைக்கும் கேபிள் கார் சிவப்பு லைன் ஓட ஆரம்பித்தது. 2019க்குள் பத்து லைன், சுமார் 30 கிலோமீட்டர். சிவப்பு லைன் இறங்குகிற ஸ்டேஷன் எது தெரியுமா? லா பாஸின் பழைய ரயில் நிலையம். தாதுவுக்கு வந்த ரயில் நின்ற இடத்தில் இப்போ மனுஷங்க இறங்கறாங்க. ஸ்டேஷன் பேரெல்லாம் ஸ்பானிஷோடு அய்மராவிலும் எழுதியிருக்கு. 2010லேயே இன ஒதுக்கலுக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பெண்ணை உடையைக் காட்டி வண்டியில் ஏறாதே என்று சொன்னால் அது குற்றம்.

கேபிள் காரில் ஒரு நாள் சாயங்காலம் போனேன். எட்டு பத்து பேர் உட்காருகிற சின்னக் கூண்டு. எதிரே கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆபீஸர், பக்கத்தில் அடுக்குப் பாவாடையில் ஒரு அம்மா, காலடியில் பெரிய கூடை. கூடை ஆபீஸரின் பேண்ட்டில் உரசிக்கொண்டே வந்தது. அவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது, ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் இந்த ஒன்றுமே நடக்காததுக்காக 1935ல் கூடையைக் கீழே வைத்துவிட்டு நகராட்சி வாசலுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்த மினிபஸ் பயணத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டுட்டேனே. லா பாஸ் எல்லையில் பாட்டி 'மாயெஸ்த்ரோ!' என்று ஒரு குரல் கொடுத்தார். வண்டி நின்றது. என் மடியிலிருந்த பாதி மூட்டையையும் எடுத்து, தோளில் சுற்றி, மார்புக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். இறங்கும் முன் முடிச்சுக்குள் கையை விட்டு இரண்டு கமலா ஆரஞ்சு எடுத்து என் கையில் வைத்தார். மூணு மணி நேரம் மடி கொடுத்ததுக்கு வாடகை போல.

நல்ல இனிப்பு. கொட்டை மட்டும் ஜாஸ்தி.

(நீங்களும் இப்படி மூட்டைக்கு மடி கொடுத்த பஸ் பயணம் போயிருப்பீங்க. பின்னூட்டத்தில் சொல்லுங்க, கேட்க ஆசையா இருக்கு.)